எத்தனை மடங்கு

ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே புகுந்ததும் அந்தக் கல்குலேட்டரின் இலக்கங்கள் மங்கத் தொடங்கின. சற்று முன்புவரை 440 என்று தெளிவாக நின்ற எண், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிறிப்போய், கடைசியில் வெறும் கண்ணாடி மட்டும் மிஞ்சியது. வெளிச்சம் இருந்தால் போதும், பெட்டரியே வேண்டாம் என்று கொழும்புக் கடைக்காரர் பெருமையாகச் சொல்லி அனுப்பியிருந்த பொறி அது. லேப் அண்ணன் அதை ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். பிறகு, கொழும்புக்கு இது சரி, நம்ம ஊரில் வருடத்தில் பாதி நாள் வெளிச்சம் ஏது என்று சொல்லி அதன் பெட்டிக்குள் வைத்து மூடினார். அந்த எண் மறைந்ததில் எனக்கு உண்டான நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நூற்றுப் பத்தை நாலால் பெருக்கு என்று அவர்தான் என்னிடம் சொல்லியிருந்தார். உலகத்தில் எத்தனையோ எண்கள் இருக்க அந்த நூற்றுப் பத்தை அவர் ஏன் எடுத்தார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அது எண்பதுகளின் தொடக்கம். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் ஆட்கள் அங்கேதான் வருவார்கள். மருந்து கொடுக்கும் அறைக்குப் பின்னால், முன்பு விறகு அடுக்கி வைத்திருந்த அறைதான் எங்கள் ஆய்வுகூடம். ஒரு நுண்நோக்கி, நிறத்தின் அடர்த்தியை முள் காட்டி அளக்கும் ஒரு கருவி, மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கொதிக்கும் தண்ணீர்ச் சட்டி, சுவரில் ஒரு மணிக்கூடு. வேலைக்கு நாங்கள் இரண்டே பேர். அவரை நோயாளிகள் ‘லேப்புத் தம்பி’ என்பார்கள், எனக்கு அவர் லேப் அண்ணன். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, ஆஸ்பத்திரிக்குத் தலைவியான மதர் அனுப்பிவைத்துக் கண்டியில் தொழில் பழகிவந்தவர். நான் அவருக்கு உதவியாள். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தும் பல்கலைக்கழகம் கிடைக்காமல் வீட்டில் இருந்தவளை, பங்குச் சாமியார் சொல்லி மதர் எடுத்துக்கொண்டார். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கொழுந்துக் கூடை மாட்டாமல் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். காலையில் நான் வெள்ளைச் சேலையோடு இறங்கிப் போகும்போது வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் நிற்கிற பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அதை இழந்துவிடுவேனோ என்ற பயமும் கூடவே இருந்தது. பின்னால் நான் செய்த காரியத்துக்கு அந்தப் பயத்தைத் தவிர வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

லேப் அண்ணனுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். மனைவியும் இரண்டு சின்னப் பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவருடைய அப்பா குடும்பம் முழுவதற்கும் சேர்த்து இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா இறந்து பல வருடங்களுக்குப் பிறகு பாஸ்போர்ட் வந்து சேர்ந்தது. அதில் குறித்த காலம் முடிந்ததும் கப்பலேற வேண்டும். திருச்சிக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊர் என்பதற்கு மேல் இந்தியாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு வழி இருந்தது. வேலை செய்யும் இடத்தில் இவர் இல்லாவிட்டால் முடியாது என்று பொறுப்பானவர் ஒருவர் கடிதம் எழுதிக் கொடுத்தால், சில பேருக்குத் தவணை நீட்டிக் கொடுத்தார்கள். நீட்டிக்கொண்டே போனால் பிறகு ஏதாவது மாறலாம் என்பது அவருடைய நம்பிக்கை. வாரத்தில் இரண்டு நாள் டவுனிலிருந்து வந்து போகும் டொக்டர் அந்தக் கடிதத்தை எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மேட்டு லயத்துக் கங்காணி வந்தார். காலில் ஆறாத புண், ஓயாத தாகம். சீனி வருத்தமாக, சர்க்கரை நோயாக இருக்கும் என்று சந்தேகப்பட்டு டொக்டர் இரத்தம் சோதிக்க அனுப்பினார். சிறுநீரில் சீனி பார்க்கிற நீலக் கரைசல் அந்த வாரம் தீர்ந்துபோயிருந்ததால் எல்லாம் எங்கள் சோதனையைத்தான் நம்பியிருந்தது. இரத்தநீரோடு மருந்தைக் கலந்து, சரியாகப் பத்து நிமிடம் கொதிநீரில் வைத்தால் பச்சை நிறம் வரும். சீனி கூடக்கூடப் பச்சையும் கூடும். கங்காணியின் குழாய் கரும்பச்சையாகி, கருவியின் முள் ஓடிப்போய் முனையில் முட்டிக்கொண்டது. அப்படி அளவை மீறினால் செய்யவேண்டியது எனக்குத் தெரியும். இரத்தநீர் ஒரு பங்கு, உப்புநீர் மூன்று பங்கு கலந்து மறுபடி வைக்க வேண்டும். வருகிற எண்ணைக் கடைசியில் நாலால் பெருக்க வேண்டும். கலந்தேன். கொதிநீரில் வைத்து மணிக்கூட்டைப் பார்த்தேன். அப்போது வெளி விறாந்தையில் லேப் அண்ணன் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி மயங்கி விழுந்தாள். அவர் கூப்பிட, ஓடிப் போய்ப் பிடித்தேன். அவளைப் படுக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது பெரிய முள் எங்கே இருந்தபோது குழாயை வைத்தேன் என்பது எனக்கு மறந்துவிட்டிருந்தது. பத்து நிமிடமா, பதின்மூன்றா? அந்த ஒரே பதற்றத்தில் குழாயை எடுத்துக் குளிரவைத்து அளந்தேன். நூற்றுப் பத்து. நேரம் பிசகவில்லை, நல்ல எண்ணாக வந்துவிட்டது என்று மனம் ஆறுதலடைந்தது. கலந்ததை நான் எங்கும் குறித்து வைக்கவில்லை. நாலால் பெருக்க வேண்டும் என்ற நினைப்பே எழவில்லை. புத்தகத்தில் 110 என்று எழுதினேன். லேப் அண்ணன் அதைப் பார்த்து, டொக்டருக்கு அனுப்பும் துண்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சீனி இல்லை என்று சொல்லிப் புண்ணுக்குக் களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். ஆறாம் நாள் தோட்டத்து லொறியில் கங்காணியை நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். மறுநாள் மத்தியானம் போய்விட்டார். அவருடைய மனைவி விறாந்தைச் சுவரில் சாய்ந்தபடி, வருகிற போகிற எல்லோரிடமும், சீனி இல்லன்னுதானே சொன்னீங்க, சீனி இல்லன்னுதானே சொன்னீங்க என்று மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டேயிருந்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

டொக்டர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டனுப்பினார். போவதற்கு முன் லேப் அண்ணன் புத்தகத்தைத் திறந்து என் கையெழுத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார்.

“உப்புத்தண்ணி கலந்தியா?” என்று கேட்டார்.

“இல்லண்ணே” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அடுப்பின் மேலிருந்த தண்ணீர்ச் சட்டியை ஒருமுறை பார்த்தார். புத்தகத்தை மூடினார். டொக்டரின் அறையில் நின்று, துண்டில் இருக்கும் கையெழுத்து என்னுடையது, சீனி அளவை ஒப்பிட்டுப் பார்க்கும் கரைசலை நான்தான் தயாரித்தேன், அதில் பிழை இருந்திருக்க வேண்டும் என்று சொன்னார். நான் அவருக்குப் பின்னால், கதவோரமாக நின்றுகொண்டிருந்தேன். அன்று மாலை அவர் அந்தக் கரைசலைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் புதிதாகத் தயாரித்தார். பிழையில்லாத கரைசல் அது. அதைக் கொட்டும்போது நான் பக்கத்தில் நின்று தண்ணீர் திறந்துவிட்டேன்.

கடிதத்தை டொக்டர் எழுதவில்லை. இவர் இல்லாவிட்டால் முடியாது என்று நான் எப்படி எழுதுவது என்று மதரிடம் கேட்டாராம். மதர் இரண்டு முறை கெஞ்சிப் பார்த்ததாகச் சமையலறையில் பேசிக்கொண்டார்கள். பிறகு மதர் தம்மால் முடிந்த வேறொன்றைச் செய்தார். அந்த நாட்களில் கொழும்புக் கடைகளில் வெளிநாட்டுச் சாமான்கள் வந்து குவிந்திருந்தன. ஒரு கடையில் பேசி மூன்று கல்குலேட்டர்களையும் நேரம் காட்டும் இரண்டு பொறிகளையும் வாங்கிவந்து எங்கள் மேசையில் வைத்தார். இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு வகையில் ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம், மற்றவை திரும்பிப் போகும் என்றார். இனி இந்த அறையில் மனக்கணக்கு வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எதை எடுப்பது என்று தீர்மானிக்க லேப் அண்ணன் அந்த இரண்டு வாரத்தையும் முழுசாக எடுத்துக்கொண்டார். தாம் ஒரு பொறியையும் தொடவில்லை. என்னைக் கதிரையில் உட்காரவைத்து, கணக்குகளை அவர் சொல்லச் சொல்ல நான் அடிக்க வேண்டும். ஏன் நான் என்று கேட்டேன். அடிக்கப் போறது நீதானே என்றார். வெளிச்சத்தில் ஓடும் பொறி முதலில் விலகியது. இரண்டாவதில் இலக்கங்கள் சிவப்பாக எரியும். பார்க்க அழகாக இருந்ததால் மருந்து கலக்குகிறவர்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் நாலு நாளில் பெட்டரி இறங்கி, ஆறும் எட்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. அதுவும் பெட்டிக்குள் போனது. மூன்றாவது பெரிய பொத்தான்களும் கறுப்பு இலக்கங்களுமாக விகாரமாக இருந்தது. அதில் ஓர் எண்ணைப் போட்டு வைத்தால் அணைக்கும்வரை ஞாபகம் வைத்திருக்கும் ஒரு பொத்தான். நான் அதைப் பெரிய வசதி என்று நினைத்தேன். அவர் அரை நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, அந்தப் பொத்தானின் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை வெட்டி ஒட்டிவிட்டார். “ஒருத்தரு கணக்கு உள்ள தங்கிக் கெடந்தா, அடுத்த ஆளு தலையில வந்து விழும்” என்றார். பிளாஸ்டர் ஒட்டிய அந்தப் பொறியைத்தான் எடுத்துக்கொண்டோம்.

நேரப் பொறிகளில் ஒன்று கைக்கடிகாரம். நாம் வைத்த நேரம் வந்ததும் கொஞ்ச நேரம் கூவிவிட்டுத் தானாக நின்றுவிடும். மற்றது சோப்புக் கட்டி அளவில் ஒரு பெட்டி. நிமிடங்களைப் பின்னோக்கி எண்ணி, பூச்சியத்துக்கு வந்ததும் கூவத் தொடங்கும். என்னை வெளியே அனுப்பினார். சமையலறைக்குப் பின்னால் வார்டுத் துணிகள் காயப்போடும் இடம்வரை போய் நின்று கேட்கச் சொன்னார். கடிகாரம் எப்போது கூவியது, எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவேயில்லை. இரண்டாவது முறை ஈர விரிப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அந்தப் பெட்டியின் சத்தம் வந்தது. நிற்கும் என்று காத்திருந்தேன், நிற்கவில்லை. ஓடி வந்தேன். லேப் அண்ணன் மேசைக்குப் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதைத் தொடாமல் நின்றிருந்தார்.

“நீ எங்க போயிருந்தாலும், வந்து அமத்துற வரைக்கும் இது கத்தணும். அதுதான் வேணும்” என்றார்.

நான் அமர்த்தினேன். அன்றைக்கு நான் எதை விட்டுவிட்டு எங்கே ஓடினேன், திரும்பி வந்து எதை மறந்தேன் என்று எல்லாவற்றையும் அவர் ஒவ்வொரு அடியாக நடந்து பார்த்து வைத்திருக்கிறார் என்பது எனக்குச் சந்தேகமில்லாமல் விளங்கியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் எனக்காகவே அந்த இடைவெளியைக் கொடுத்ததுபோல் பெட்டியை எடுத்து மெதுவாகத் துடைத்து வைத்தார். நான் குழாய்களைக் கழுவப் போனேன்.

பிறகு அவர் புதிய கோட்டுப் புத்தகங்கள் இரண்டை எடுத்தார். பெயர், சோதனை, வைத்த நேரம், எடுத்த நேரம், கருவி காட்டிய எண் என்று பக்கம் பக்கமாக அடிமட்டம் வைத்துக் கோடு போட்டார். கடைசிக்கு முந்திய பத்தியின் தலைப்பு ‘எத்தனை மடங்கு’. உப்புநீர் கலக்காவிட்டாலும் அதில் ஒன்று என்று எழுத வேண்டும், வெறுமையாக விட்டால் துண்டு எழுதக் கூடாது என்றார். கல்குலேட்டர் வாங்கிய பிறகும் எதற்கு இந்தக் கோடுகள் என்று மதர் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நான் என் வாழ்நாள் முழுவதும் வைத்திருந்தேன். “பெருக்கச் சொன்னா மெஷின் பெருக்கும், மதர். பெருக்க மறந்துட்டியான்னு அது கேக்காது. அதக் கேக்குறதுக்கு ஒரு எடம் வேணும்.” இரண்டு புத்தகத்திலும் எல்லாப் பக்கங்களுக்கும் அவரே கோடு போட்டு முடித்தார். அவர் போன பிறகு இரண்டு வருடத்துக்குக் கிட்ட அவை போதுமானவையாக இருந்தன.

தவணை முடிவதற்குள் ஒரு நாள் டொக்டரின் அறைக் கதவுவரை போனேன். வாசலில் நின்றவளை அவர் நிமிர்ந்து பார்த்து என்ன என்றார். அம்மாவுக்குச் சுகமில்லை, சனிக்கிழமை லீவு வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார். அந்தச் சனிக்கிழமை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஹட்டன் ஸ்டேஷனில் அன்று நிற்க இடமில்லை. தகரப் பெட்டிகள், பாய்ச்சுருட்டுகள், அண்டா குண்டாக்கள். போகிறவர்களும் அனுப்ப வந்தவர்களும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுத சத்தத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் அடித்த மணியே கேட்கவில்லை. லேப் அண்ணனின் இரண்டு பெண்களும் ஒரே துணியில் தைத்த புதுச் சட்டை போட்டு, பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவரருகில் போய், “அண்ணே, அந்தக் கங்காணி விசயம்...” என்று ஆரம்பித்தேன். “பெட்டரிய தீர்றதுக்கு முந்தியே மாத்திரு, தங்கச்சி. தீர்ற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்காத” என்றார். கோச்சி வந்துவிட்டது. அவர் பிள்ளைகளைத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார். கப்பலேறும் தலைமன்னாருக்குப் போகிற பெட்டிகளில் ஏறியவர்களின் கைகள் கம்பிகளுக்கு வெளியே நீண்டிருந்தன. அவருடைய கை எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்துத்தான் போனேன். மதர் நெடுநேரம் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், உருட்டவில்லை. மூன்று மாதத்துக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் டொக்டரின் கையைப் பிடித்தாவது எழுத வைத்திருப்பேனே என்றார். என்னை நிறுத்தவும் அவரால் முடியவில்லை. இவள் இல்லாவிட்டால் முடியாது என்ற நிலை இப்போது எனக்கு வந்திருந்தது. அந்த அறையை நடத்த வேறு ஆள் கிடையாது. லேப் அண்ணனின் கடிதம் மண்டபம் முகாமிலிருந்து ஒன்று, பிறகு கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. இங்கே படித்த படிப்பு அங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் வேலை. நடந்ததையெல்லாம் எழுதி மன்னிப்புக் கேட்டு நான் அனுப்பியதற்கு ஒரு பக்கத்தில் பதில் வந்தது. நீ எழுதியதை வாசித்தேன், மடங்குப் பத்தியை ஒழுங்காக நிரப்புகிறாயா என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான். அதன் பிறகு நாட்டில் கலவரம் வந்தது, கப்பல் நின்றது, கடிதங்களும் நின்றுபோயின.

நான் ஓய்வு பெற்று வருடங்களாகிவிட்டன. கடைசியாக வேலை செய்த ஆஸ்பத்திரியில் குழாயை வைத்துவிட்டுப் போனால் போதும். அளவை மீறினால் பொறியே தண்ணீர் கலந்து, பொறியே பெருக்கி, பொறியே துண்டும் அச்சடித்துத் தந்துவிடும். அங்கே வேலை பழக வந்த பிள்ளைகளுக்கு இது எல்லாம் எப்போதும் இப்படித்தான் இருந்தது போல. அவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமை வந்ததில்லை. அந்தப் பொறி அன்று எங்கள் விறகறையில் இருந்திருந்தால் கங்காணி பிழைத்திருப்பார் என்று கணக்குப் போடுவேன். அதற்குப் பிறகு நான் சொன்ன பொய்யை எந்தப் பொறியும் திருத்தியிருக்காது என்பதும் அந்தக் கணக்கின் முடிவில் வந்து நிற்கும்.

சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. மதரிடம் நான் ஒப்புக்கொண்ட அன்று, இதைச் சொல்லவேண்டிய இன்னொரு வீடு இருக்கிறது என்று அவர் சொன்னார். அந்த வீட்டுக்குப் போக எனக்கு ஏழு மாதம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து, மேட்டு லயத்துக்கு ஏறிப் போனேன். அது கொழுந்து அதிகமாகத் தளிர்த்திருந்த காலம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது. கங்காணியின் மனைவி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். என்னை உள்ளே கூப்பிட்டு, பலகையைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். வெறுந்தேத்தண்ணி கொடுத்தார். நான் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொல்லி முடித்தேன். கலந்தது நான், பெருக்க மறந்தது நான், கேட்டபோது இல்லை என்று சொன்னதும் நான்.

அவர் கோபப்படவில்லை. அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து அணைத்தார். பிறகுதான் பேசினார்.

“அந்த லேப்புத் தம்பி இந்தியாவுக்குப் போறதுக்கு மொத நாளு இங்க வந்துச்சு. இப்ப நீ ஒக்காந்திருக்கியே, இதே பலகையிலதான் ஒக்காந்துச்சு. நாந்தாம்மா தப்பு செஞ்சேன், வேற யாரும் இல்ல, மன்னிச்சிருங்கன்னு கேட்டுச்சு. எனக்கு அந்த மனுசன் மொகத்தப் பாக்கவே புடிக்கல. ஆனாலும் புள்ளகுட்டியோட கடல் தாண்டிப் போற ஆளு. பெரும்பாடுபட்டு மனச ஒரு வழியாக்கிக்கிட்டு, மன்னிச்சுட்டேன், போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டேன்.”

கொழுந்து பறிக்கும்போது கட்டுகிற படங்குச் சாக்கை எடுத்து இடுப்பில் சுற்றிக் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

“இப்ப நீ வந்து நாந்தான்னு சொல்ற. அந்த மனசு எனக்கு ஒரு தடவதாம்மா வந்துச்சு. இன்னொரு தடவ வராது.”

கூடையை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தாமல் படியிறங்கினார். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். நான் வெளியே வந்தபோது அவர் மற்றப் பெண்களோடு தேயிலைக்குள் இறங்கிவிட்டிருந்தார்.